சிப்பி துருத்தும் சுவர்கள்

லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அந்தக் குவிமாடம் அப்படி இழுக்கும். கல்லைப் படிக்க வேண்டுமென்றால் அண்ணாந்து பயனில்லை. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, நெஞ்சு உயரத்தில், மழைச்சாரல் நேராக அடிக்கிற பக்கமாகப் பார்க்க வேண்டும். தூரத்தில் வெள்ளையாக, ஒரே சீராகத் தெரிந்த கல் அங்கே சொரசொரவென்று இருக்கும். விரலால் தடவினால் மெல்லிய விளிம்புகள் தட்டுப்படும். சாம்பல் நிறம், லேசான வளைவு, நகத்தின் பருமன். கல்லின் பரப்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை சிப்பி ஓடுகள். ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு வெதுவெதுப்பான கடலின் தரையில் கிடந்தவை. டைனோசர்கள் கரையில் நடமாடிய காலம் அது.

கட்டடம் எழுப்பியவர்கள் இந்த ஓடுகளை விரும்பவில்லை. உளிக்கு அவை இடைஞ்சல். சிலை செதுக்கவும் தூணின் தலைப்பை வடிக்கவும் ஓடே இல்லாத மாவு போன்ற கல்லைத்தான் கொத்தர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஓடு மிகுந்ததைச் சாதாரணச் சுவருக்கும், ஓட்டை விழுந்ததைக் கடற்கரைத் தடுப்புக்கும் ஒதுக்கினார்கள். நிலவியல் பார்க்கப் புறப்படுகிறவருக்கு அந்த வரிசை தலைகீழாக வேண்டும். செதுக்கிய சிற்பத்தை விட்டுவிட்டு வெற்றுச் சுவரைப் பாருங்கள். புதிதாகப் பழுது பார்த்த வழவழப்பான பகுதியை விட்டுவிட்டு மழை தின்ற பகுதியைப் பாருங்கள். கொத்தர் குறை என்று தள்ளியதிலும் மழை அரித்துத் திறந்ததிலும்தான் கல்லின் வரலாறு கிடைக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

இந்தக் கல்லின் ஊர் போர்ட்லண்ட். இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் பகுதியில், ஆங்கிலக் கால்வாய்க்குள் நீண்டு கிடக்கும் சிறு தீவு. நீளம் சுமார் 6 கிலோமீட்டர், அகலம் மூன்றுக்குள். செசில் என்ற நீண்ட கூழாங்கல் மேடு அதை நிலத்தோடு பிணைத்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் இந்தக் கல்லை லண்டனில் பயன்படுத்தினார். ஆனால் அதை நகரத்தின் நிறமாகவே ஆக்கியது ஒரு பேரழிவு. 1666 செப்டம்பரில் பிடித்த தீ நான்கு நாள் எரிந்து, மர வீடுகளால் ஆன பழைய நகரத்தை விழுங்கியது. 87 பங்குத் தேவாலயங்கள் சாம்பலாயின. திரும்பக் கட்டும்போது செங்கல்லோ கல்லோதான் வேண்டும் என்று சட்டம் வந்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 51 தேவாலயங்களை மீண்டும் எழுப்பினார். செயின்ட் பால் தேவாலயத்தை 1675இல் தொடங்கி 1710இல் முடித்தார். அதற்கான போர்ட்லண்ட் கல் கடல் வழியாகத் தேம்ஸ் ஆற்றுக்கு வந்தது.

அதற்குப் பிறகு அரசும் வங்கியும் பல்கலைக்கழகமும் இந்தக் கல்லையே கேட்டன. வைட்ஹாலில் 1920இல் எழுந்த போர் நினைவுச் சின்னமான செனோடாஃப், 1932இல் திறந்த பிபிசியின் பிராட்காஸ்டிங் ஹவுஸ், லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் எல்லாம் போர்ட்லண்ட் கல். அரச குடும்பம் மாடத்தில் நின்று கையசைக்கும்போது தொலைக்காட்சியில் தெரிகிறதே, பக்கிங்ஹாம் அரண்மனையின் அந்த முகப்பும் 1913இல் போர்த்திய போர்ட்லண்ட் கல்தான். நம் ஊர் சிமென்ட் மூட்டை ஒவ்வொன்றிலும் 'போர்ட்லண்ட்' என்று அச்சிட்டிருப்பதும் இந்தத் தீவின் பெயரே. லீட்ஸ் நகரத்துக் கொத்தர் ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் தம் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியபோது, அது இறுகினால் போர்ட்லண்ட் கல்லைப் போலிருக்கும் என்று அந்தப் பெயரை வைத்தார். அரியலூரில் வெட்டுகிற சுண்ணக்கல், அதுவும் ஒரு பழைய கடலின் தரைதான், இன்று அந்தப் பெயர் தாங்கிய மூட்டைக்குள் போகிறது.

இப்போது லென்ஸை எடுங்கள். பத்து மடங்கு பெருக்குகிற மடக்கு லென்ஸ் போதும், விலையும் அதிகமில்லை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர் நோக்கிக் கொண்டுபோக வேண்டும். பலர் லென்ஸைச் சுவரருகே வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சிப்பிகளுக்கு நடுவே உள்ள வெள்ளைப் பகுதி தூளாகத் தெரியும் என்று எதிர்பார்ப்பீர்கள். தெரிவது மணிகள். அரை மில்லிமீட்டர் விட்டம்கூட இல்லாத உருண்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இவற்றுக்கு ஊயிட் என்று பெயர். சீரக மிட்டாயைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு ஊயிட்டின் உட்புறம் புரிந்துவிடும். நடுவில் ஒரு சீரகம், அதைச் சுற்றிச் சுற்றிப் பூசிய சர்க்கரைப் படலங்கள். ஊயிட்டின் நடுவில் இருப்பது ஒரு சிப்பித் துணுக்கோ, ஏதோ ஒரு சிறு பிராணியின் கழிவோ, மணலோ. சுற்றிலும் படிந்திருப்பது கால்சியம் கார்பனேட். சில மணிகள் உடைந்து பாதியாகத் தெரியும். அவற்றில் வளையங்களை எண்ணக்கூட முடியும்.

இந்த மணி உருவாகச் சில நிபந்தனைகள் உண்டு. கடல் ஆழமில்லாமல் இருக்க வேண்டும், பெரும்பாலும் சில மீட்டருக்குள். நீர் வெதுவெதுப்பாக, கரைந்த சுண்ணாம்பு தன்னால் வெளியே படியத் தயாராக இருக்கும் அளவுக்குச் செறிந்திருக்க வேண்டும். அலையோ ஓதமோ மணிகளை ஓயாமல் புரட்ட வேண்டும். புரளாமல் கிடந்தால் படலம் ஒரு பக்கம் மட்டும் ஏறும், உருண்டை வராது. இன்று இப்படிப்பட்ட இடம் பஹாமாத் தீவுகளைச் சுற்றியும் அபுதாபிக் கரையோரத்திலும் இருக்கிறது. இங்கிலாந்தின் கரையில் இல்லை. ஆக, லண்டன் சுவரில் ஒரு ஊயிட்டைப் பார்த்தாலே, அந்தக் கல் பிறந்த இடத்தின் ஆழம், வெப்பம், அலையின் வேகம் மூன்றும் கையில் வந்துவிடுகின்றன. ஜுராசிக் யுகத்தின் இறுதியில் தென் இங்கிலாந்து இன்றைய மத்தியதரைக் கடலின் அட்சரேகையை ஒட்டி இருந்தது. உலகமும் இன்றைவிடச் சூடாக இருந்தது. கண்டங்கள் நகர்ந்த கதையையெல்லாம் அந்த அரை மில்லிமீட்டர் மணி சொல்லாது. அந்தக் கதைக்கு அது சாட்சி சொல்லும்.

போர்ட்லண்ட் குவாரியில் கட்டடத்துக்கு ஆகும் கல் மூன்று படுகைகளாகக் கிடக்கிறது. மேலிருந்து வரிசையாக ரோச், விட்பெட், பேஸ்பெட். இவை குவாரித் தொழிலாளர்கள் வைத்த பெயர்கள். நிலவியலாளர்களும் அவற்றையே எடுத்துக்கொண்டார்கள். அடியிலுள்ள பேஸ்பெட்டில் ஓடு மிகக் குறைவு, மணி நுண்மை. செதுக்குவதற்கு ஏற்றது. நடுவிலுள்ள விட்பெட்டில் சிப்பித் துண்டுகள் வரிவரியாக ஓடும். வெயிலுக்கும் மழைக்கும் நன்றாகத் தாங்கும். லண்டன் வெளிச்சுவர்களில் நீங்கள் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

மேலே உள்ள ரோச்தான் எனக்கு மிகப் பிடித்த கல். அது முழுக்க ஓட்டை. விரல் நுழையும் பொந்துகள், திருகு திருகாகச் சுழன்று உள்ளே போகும் குழிகள். முதன்முறை பார்ப்பவர்கள் கல் அழுகிவிட்டது என்று நினைப்பார்கள். அந்தக் குழி ஒவ்வொன்றும் ஒரு உயிர் இருந்த இடம். திருகுக் குழி அப்டிக்ஸியெல்லா என்ற நீண்ட கடல் நத்தையுடையது. அகன்ற குழி டிரைகோனியா வகை மட்டியுடையது. ஓட்டுக்குள் புகுந்து இறுகிய சேறு மட்டும் சில குழிகளில் தனியே நிற்கும். நத்தையின் சேற்று அச்சு ஒரு திருகாணியை ஒத்திருப்பதால் தொழிலாளர்கள் அதைப் 'போர்ட்லண்ட் திருகு' என்றார்கள். மட்டியின் அச்சைக் 'குதிரைத் தலை' என்றார்கள். அந்த மட்டியின் உறவினர்கள் ஒரு காலத்தில் உலகக் கடல்களெங்கும் இருந்தார்கள். இன்று ஆஸ்திரேலியாவை ஒட்டிய கடலில் மட்டும் சில இனங்கள் மிஞ்சியிருக்கின்றன.

ஒரே கல்லில், ஒரு சாண் தூரத்துக்குள், சிப்பி ஓடு முழுசாக இருக்கிறது, நத்தை ஓடு இருந்த இடத்தில் வெறும் குழி இருக்கிறது. இரண்டும் ஒரே கடலில் வாழ்ந்து ஒரே சேற்றில் புதைந்தவை. ஒன்று ஏன் நிலைத்தது, மற்றொன்று ஏன் மறைந்தது? விடை அவை கட்டிய ஓட்டின் படிகத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மூலப்பொருள் கால்சியம் கார்பனேட்தான். சிப்பி அதைக் கால்சைட் என்ற படிக வடிவில் அடுக்குகிறது. நத்தையும் டிரைகோனியாவும் அரகோனைட் என்ற வடிவில் அடுக்குகின்றன. அணுக்கள் அவையே, அடுக்கு முறை வேறு. சாதாரண வெப்பத்திலும் அழுத்தத்திலும் அரகோனைட் நிலையற்றது, நீரில் எளிதாகக் கரையும். கடல் விலகி, மணல் இறுகத் தொடங்கியதும், மழைநீர் உள்ளே ஊறியது. அரகோனைட் ஓடுகளைக் கரைத்தது. கரைந்த சுண்ணாம்பு பக்கத்திலேயே ஊயிட் மணிகளுக்கு நடுவே கால்சைட்டாகப் படிந்து அவற்றை ஒட்டியது. நத்தைகள் தந்த பசையும் சேர்ந்துதான் கல்லை இறுக்கியிருக்கிறது. ஒரு குழியைப் பார்த்து, அதிலிருந்து போன பொருள் எங்கே போயிற்று என்று கேட்டால், அதைச் சுற்றியுள்ள கல்லே விடை.

ஓட்டை விழுந்தாலும் ரோச் வலுவான கல். டோர்செட் கரையில் லைம் ரெஜிஸ் துறைமுகத்தின் கோப் என்னும் அலைத்தடுப்புச் சுவரில் அது கடலோடு மோதிக்கொண்டு நிற்கிறது. நகரக் கட்டடத்தின் முகப்புக்கு அதை வைக்கலாம் என்ற துணிவு 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. செயின்ட் ஜேம்ஸ் தெருவில் எக்கனாமிஸ்ட் இதழுக்காக அலிசன் ஸ்மித்சனும் பீட்டர் ஸ்மித்சனும் வடிவமைத்து 1964இல் முடிந்த கட்டடத் தொகுதியின் தூண்களில் ரோச் கல் போர்த்தியிருக்கிறது. நத்தைக் குழி, குதிரைத் தலை, சிப்பி எல்லாம் கண் உயரத்தில். நடந்து போகும் தூரத்தில் கிரீன் பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் வெளிச்சுவரிலும் போர்ட்லண்ட் கல்லின் உயிரெச்சங்களைக் கருவாக வைத்துச் சிற்பி ஜான் மெயின் செய்த வேலைப்பாடு உண்டு. ஓர் அரை நாள் கிடைத்தால் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம். எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் இவ்வளவு நெருங்கவிடாது.

அடுத்து, கல் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்ற கேள்வி. கடல் தரையில் சேறும் ஓடும் கிடைமட்டமாகப் படிகின்றன. குவாரியில் கல் அதே வாக்கில் கிடக்கிறது. வெட்டி, ஏற்றி, இறக்கி, செதுக்கிய பிறகு அந்த வாக்கு யாருக்குத் தெரியும்? விட்பெட் கல்லில் சிப்பித் துண்டுகளின் வரிசை காட்டிக்கொடுத்துவிடும். வரிகள் கிடைமட்டமாக ஓடினால் கொத்தர் கல்லை அதன் இயல்பான படுக்கையில் வைத்திருக்கிறார். வரிகள் செங்குத்தாக நின்றால் கல்லைத் திருப்பி வைத்திருக்கிறார். படுகைப் பரப்பே சுவரின் முகமாக இருந்தால் வரி தெரியாது. ஓடுகள் தட்டையாக, முழு வடிவில் நம்மைப் பார்க்கும். அப்படி வைத்த கல் காலப்போக்கில் தகடு தகடாக உரியக்கூடும் என்பது கொத்தர்களின் பழைய எச்சரிக்கை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளுக்கு மட்டும், வரி செங்குத்தாகவும் முகத்துக்குக் குறுக்காகவும் இருக்கும்படி வைப்பார்கள். இல்லாவிட்டால் அடிப்பகுதி உதிரும். ஒரு சுவரைப் பார்த்து அதைக் கட்டியவர்களின் கவனத்தை எடைபோட இதைவிட நேரான வழியில்லை.

தலைகீழாக வைத்திருக்கிறார்களா என்பதையும் கண்டுபிடிக்கலாம். சில கற்களில் கிடைமட்ட எல்லைகளுக்கு நடுவே சாய்ந்த மெல்லிய கோடுகள் ஓடும். கடலடியில் நீரோட்டம் ஊயிட் மணலைக் குன்றுகளாகத் தள்ளிக்கொண்டு போகும்போது, குன்றின் சரிவில் அடுக்கடுக்காக மணல் வழிந்து படிந்த தடம் அது. சாய்வு எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கம் நோக்கி ஓட்டம் போயிருக்கிறது. இந்தக் கோடுகள் அடியில் மெல்ல வளைந்து தரையோடு தழுவும். மேலே, அடுத்து வந்த ஓட்டம் குன்றின் தலையைச் சீவிவிட்டதால், சட்டென்று வெட்டுப்படும். ஆகவே வெட்டுப்பட்ட முனை மேலே இருந்தால் கல் நேராக நிற்கிறது. கீழே இருந்தால் கடல் தரை கவிழ்ந்து நிற்கிறது. தனி ஓடுகளும் உதவும். ஓட்டத்தில் புரளும் ஓடு, குழிந்த பக்கம் கீழே கவிழ்ந்த பிறகுதான் அசையாமல் கிடக்கும். கவிழ்ந்த ஓடுகள் பெரும்பான்மையாக இருக்கும் பக்கத்தை வைத்து மேல் எது என்று சொல்லலாம். ஒன்றிரண்டை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

இன்னும் நுட்பமான அடையாளம் ஒன்று உண்டு. மூடிய ஓட்டுக்குள் சேறு பாதி வரை புகுந்து, மட்டமாக நின்றுவிடும். மீதிப் பாதி வெற்றிடம் பின்னர் தெளிந்த கால்சைட் படிகத்தால் நிரம்பும். ஓட்டை வெட்டினால் ஒரு பாதி மங்கலாகவும் ஒரு பாதி பளிங்காகவும் தெரியும், நடுவே நேர்க்கோடு. அந்தக் கோடுதான் அன்றைய கிடைமட்டம். பளிங்குப் பக்கம் வானம்.

சுவரிலும் தரையிலும் உயிரெச்சங்களைப் பார்ப்பதில் பழக்கம் இல்லாதவர்களைக் குழப்புவது வெட்டுதான். நூலில் நத்தை நத்தையாக இருக்கும். ரம்பம் அப்படி வெட்டுவதில்லை. அது எந்தக் கோணத்தில் போனதோ அந்தக் கோணத்தில்தான் உருவம் கிடைக்கும். நீண்ட நத்தையை நெடுக வெட்டினால் இரண்டு வரிசையாக வளைந்த அறைகள், குறுக்கே வெட்டினால் வெறும் வட்டம். சுருண்ட ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடலுயிரை அதன் தட்டைப் பரப்பிலேயே வெட்டினால்தான் எல்லோருக்கும் தெரிந்த சுருள் கிடைக்கும். குறுக்கே வெட்டினால் நடுவில் சிறுத்து இருபுறமும் பருத்துப் போகும் ஜோடி வட்டங்கள். பெலம்னைட் என்ற கணவாயின் உறவினருடைய உள்ளெலும்பை நெடுக வெட்டினால் கூர்முனை கொண்ட குழல், குறுக்கே வெட்டினால் நடுவிலிருந்து ஆரங்கள் விரியும் வட்டம். ஒரே தரையில் இரண்டும் கிடைக்கும்போது இரண்டும் ஒன்றே என்று தெரிந்துகொள்வதில் ஒரு தனிச் சந்தோஷம் இருக்கிறது. பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைப் பழகிக்கொள்ளச் சிறந்த கல் ஜெர்மனியின் பவேரியா பகுதியிலிருந்து வரும் ஜுரா சுண்ணக்கல். போர்ட்லண்ட் கல்லைவிடச் சில பத்து லட்சம் ஆண்டுகள் மூத்தது. மெருகேற்றிய பழுப்பு, சாம்பல் பலகைகளாக வணிக வளாகத் தரைகளிலும் அலுவலகக் கூடங்களிலும் பதிப்பார்கள். அம்மோனைட், பெலம்னைட், கடற்பஞ்சு எல்லாம் அதில் மலிவு. பலகைகளை ஒரே பாறைத் துண்டிலிருந்து அடுத்தடுத்து அறுத்திருந்தால், பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் அதே அம்மோனைட் சற்றுச் சற்று மாறி வருவதைப் பின்தொடரலாம்.

அந்தத் தரையிலேயே இன்னொன்றும் தென்படும். பலகையின் குறுக்கே பற்கள் போல மேலும் கீழும் போகும் கருங்கோடு. விரிசல் என்று எண்ணத் தோன்றும். இது விரிசலுக்கு நேர் எதிரானது. மேலே குவிந்த பாறையின் பாரம் தாங்காமல் சுண்ணக்கல் தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பிலேயே கரைந்து போயிருக்கிறது. கரையாத களிமண் மட்டும் அந்தக் கோட்டில் கருமையாக மிஞ்சியிருக்கிறது. ஸ்டைலோலைட் என்பது பெயர். பற்களின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தடிமன் கல் அங்கே காணாமல் போயிருக்கிறது. ஒரு பக்கம் பாதி உடல் மட்டும் மிஞ்சிய அம்மோனைட் கோட்டை ஒட்டி இருந்தால், மறுபாதி கரைந்தது அங்கேதான்.

லண்டனுக்குத் திரும்புவோம். செயின்ட் பால் தேவாலயத்திலிருந்து ஃப்ளீட் தெரு வழியே மேற்கே கால் மணி நேரம் நடந்தால் டெம்பிள் தேவாலயம். 12ஆம் நூற்றாண்டில் எழுந்த அதன் வட்டக் கூடத்துத் தூண்கள் பர்பெக் மார்பிள். 1941 குண்டுவீச்சில் பழைய தூண்கள் சிதைந்தபின் அதே கல்லில் புதிதாக வடித்தார்கள். பெயரில் மார்பிள் என்றிருந்தாலும் அது சுண்ணக்கல்தான், மெருகு ஏறும் என்பதால் வந்த பெயர். அருகே போய்ப் பாருங்கள். சிப்பி இல்லை, ஊயிட் இல்லை. பட்டாணி அளவு நத்தைகள், ஒன்றின் மேல் ஒன்று அடைத்துக்கொண்டு. விவிபாரஸ் என்ற நன்னீர் நத்தைகள். போர்ட்லண்ட் கடல் பின்வாங்கி, அந்த இடம் முதலில் மண்ணும் மரங்களும் கொண்ட நிலமாகி, பிறகு ஏரிகளும் உப்பங்கழிகளுமாக மாறிய காலத்தின் கல் இது. கால் மணி நேர நடையில் நீங்கள் கடந்தது சில பத்து லட்சம் ஆண்டுகள். அதற்குள் கடல் போய் ஏரி வந்துவிட்டது. ஆற்றைத் தாண்டித் தென்கரையில் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் அரங்குக்குள் போனால், டெர்பிஷயரின் கார்பானிஃபெரஸ் சுண்ணக்கல் காத்திருக்கும். 30 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்தக் கல்லில் கடல் அல்லிகளின் தண்டுகள் வட்டு வட்டாகவும் ஏணி ஏணியாகவும் அறுபட்டுக் கிடக்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த நிலவியலாளர் எரிக் ராபின்சன் 1980களில் இப்படிப்பட்ட நடைகளுக்கு வழிகாட்டி நூல்கள் எழுதினார். ரூத் சிடால் இன்று அந்தப் பணியைத் தொடர்கிறார். தெருவில் நின்று படிக்கும் நிலவியலுக்கு லண்டன் அளவுக்குக் கொடுத்துவைத்த நகரம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

சுவரில் ஓடு ஏன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இன்னும் விடை சொல்லவில்லை. கட்டி முடித்த நாளில் அந்தச் சுவர் மட்டமாகத்தான் இருந்தது. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கி, சுண்ணாம்பைக் கரைக்கிறது. சிப்பி ஓட்டின் கால்சைட் நெருக்கமாக அடுக்கியது, மெதுவாகக் கரையும். ஊயிட்டுக்கு நடுவிலுள்ள நுண்துளைகளில் நீர் புகும், அந்தப் பகுதி விரைவாகப் போகும். ஆகவே ஓடு எவ்வளவு துருத்தியிருக்கிறதோ குறைந்தது அவ்வளவு கல் சுற்றிலும் போயிருக்கிறது. கட்டிய ஆண்டு தெரிந்தால் ஒரு நூற்றாண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். கரைந்த சுண்ணாம்பு தேம்ஸ் வழியாக வட கடலுக்குப் போகிறது. அங்கே இன்றைய சிப்பிகள் அதிலிருந்து ஓடு கட்டிக்கொள்கின்றன.

செயின்ட் பால் தேவாலயத்தில் இதைவிடத் துல்லியமான அளவுகோல் தற்செயலாக அமைந்துவிட்டது. உயரத்தில் உள்ள கைப்பிடிச் சுவரின் கற்களில் இருந்த துளைகளைக் கட்டியவர்கள் ஈயம் ஊற்றி மட்டமாக அடைத்தார்கள். ஈயம் மழையில் கரைவதில்லை. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்கள் அளந்தபோது கல் இறங்கி ஈயம் மேலே நின்றது. சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 1980இல் அதே கைப்பிடிச் சுவரில் நுண் அளவீட்டுக் கருவியை வைத்து, முப்பது ஆண்டு அளந்துகொண்டே இருந்தார்கள். தொடக்கத்தில் தேய்மானம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 1990களில் அதைவிடக் குறைந்தது. மழை குறையவில்லை. குறைந்தது புகை.

நிலக்கரியோ எண்ணெயோ எரிந்தால் சல்ஃபர் டையாக்சைடு வரும். அது ஈரத்தோடு சேர்ந்து சுண்ணக்கல்லை ஜிப்சமாக மாற்றும். மழை அடிக்கும் இடத்தில் ஜிப்சம் கழுவிப்போகும், கல் வெள்ளையாகத் தேயும். மழை படாத மறைவில், விளிம்புக்கு அடியிலும் சிற்பத்தின் கழுத்திலும், ஜிப்சம் கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு கறுப்புப் பொருக்காகத் தடிக்கும். ஒருநாள் கொப்புளித்து, அடியிலுள்ள கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். செயின்ட் பால் தேவாலயத்துக்கு நேர் எதிர்க்கரையில் பேங்க்சைடு மின்நிலையம் 1981 வரை எண்ணெய் எரித்து இயங்கியது. இன்று அது டேட் மாடர்ன் கலைக்கூடம். ஆற்றில் சற்று மேலே பேட்டர்சீ மின்நிலையம் 1983இல் நின்றது. லண்டனுக்கு வரும் நிலக்கரி மீது விதித்த வரிப்பணத்தில்தான் ரென் இந்தத் தேவாலயத்தைக் கட்டினார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிலக்கரியின் புகை கட்டடத்தைக் கறுக்கவைத்து, அரித்தது. 2011இல் முடிந்த பதினைந்து ஆண்டுத் திருப்பணியில்தான் கருமை முழுக்க நீங்கியது. காற்றைச் சுத்தமாக்கினால் கல் பிழைக்கும் என்பதற்கு இவ்வளவு நீண்ட அளவீட்டுச் சான்று வேறு கட்டடங்களுக்கு அரிதாகவே கிடைத்திருக்கிறது.

நீங்களே பார்க்கத் தொடங்குவதற்குச் சில சொற்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரோடு சாய்ந்து விழும்போது போங்கள். உச்சி வெயிலில் மேடு பள்ளம் தெரியாது. இரவில் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தாலும் போதும். மெருகேற்றிய தரை மழையில் நனைந்திருந்தால் உயிரெச்சங்களின் நிறம் எடுத்துக்காட்டும். படம் எடுக்கும்போது அருகே ஒரு நாணயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அளவு தெரியும். கட்டடம் எழுந்த ஆண்டு, சுவர் பார்க்கும் திசை, தரையிலிருந்து உயரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். களத்தில் நிலவியலாளர்கள் சுண்ணக்கல்லைச் சோதிக்க ஒரு சொட்டு அமிலம் விடுவது வழக்கம். கட்டடத்தில் அதைச் செய்யக் கூடாது. கீறவும் கூடாது, பெயர்க்கவும் கூடாது.

அமிலச் சோதனையை நம் வீட்டுச் சமையலறை ஏற்கெனவே செய்திருக்கிறது. கடப்பா கல் மேடையில் எலுமிச்சம்பழச் சாறு சிந்தி, துடைக்க மறந்தால் வெளுத்த தடம் விழும். கடப்பா கல்லும் சுண்ணக்கல்லே. ஆனால் லென்ஸ் வைத்து எவ்வளவு தேடினாலும் அதில் சிப்பி கிடைக்காது. ஓடு கட்டத் தெரிந்த உயிர்கள் தோன்றுவதற்கு முந்தைய கடலில் படிந்த கல் அது. நேர்மாறாக, யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவர்களிலும் வைத்திருப்பது பவளக் கல். பவளத்தின் அறைகள் லென்ஸ் இல்லாமலே தெரியும். தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் கடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் அந்தச் சுவருக்கு அருகே போய் நில்லுங்கள். உதிர்ந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். 2001 முதல் இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து அந்தக் கல்லை வெட்டி இனி யாரும் சுவர் எழுப்ப முடியாது.